பினாயிலுக்கு அஞ்சாத வைரஸ்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் வசிக்கும் மாணவர்களுக்கு இந்தக் காட்சி புதியதல்ல. மழைக்காலம் ஓய்ந்து பனி விழத் தொடங்கும் மாதங்களில், காலி மனையில் கொட்டிய ஜல்லிக் குவியலுக்குப் பின்னாலோ, பூட்டிக் கிடக்கும் பட்டறையின் தகரக் கூரைக்கு அடியிலோ ஒரு தெருநாய் ஐந்தாறு குட்டிகளை ஈன்றிருக்கும். தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு குட்டிக்குப் பெயர் வைப்பார்கள். வீட்டில் கேட்காமலே பால் எடுத்து வந்து ஊற்றுவார்கள். குட்டிகளுக்கு ஆறு, ஏழு வாரம் ஆகும்போது ஒரு நாள் காலையில் அவற்றுள் ஒன்று சோர்ந்து படுத்திருக்கும். பாலைத் தொடாது. வாந்தி எடுக்கும். பிறகு ரத்தம் கலந்த, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமுள்ள கழிச்சல் தொடங்கும். இரண்டு, மூன்று நாட்களில் அது இறந்துவிடும். அந்த வாரம் முடிவதற்குள் மற்றவையும் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும்.

“யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்” என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். விஷம் வைக்கும் மனிதர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் குட்டிகள் மட்டும் இப்படி ரத்தக் கழிச்சல் கண்டு அடுத்தடுத்து மடிந்தால், கால்நடை மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது விஷத்தை அல்ல, பார்வோ வைரஸை.

இனி, ஒரு வீட்டுக்குள் போவோம். அங்கே காசு கொடுத்து வாங்கிய குட்டி ஒன்று இதே நோயில் இறந்துவிட்டது. வீட்டார் அழுது தீர்த்துவிட்டு, அது படுத்திருந்த இடத்தைப் பினாயில் ஊற்றி மூன்று முறை கழுவுகிறார்கள். வீடு முழுவதும் பினாயில் மணக்கிறது. பிள்ளைகளின் முகவாட்டம் பொறுக்காமல் பதினைந்து நாள் கழித்து இன்னொரு குட்டி வருகிறது. ஒரு வாரத்தில் அதுவும் வாந்தி எடுக்கிறது! குட்டியை விற்றவர் மீது பழி விழுகிறது. சில சமயம் அந்தப் பழி நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் நோய் குட்டியோடு வரவில்லை, வீட்டிலேயே காத்திருந்தது என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மூன்று முறை கழுவிய தரையில் அது எப்படிக் காத்திருந்தது?

இதற்கு விடை காண, இந்த வைரஸ் எப்படி உலகுக்கு வந்தது என்பதையும், எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும்.

நேற்றுப் பிறந்த நோய்

நாய் மனிதனோடு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்கிறது. ஆனால் இந்த நோய்க்கு வயது ஐம்பதைச் சுற்றித்தான். 1978-ஆம் ஆண்டில் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் இருக்கும் இடங்களில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், நாய்கள் ரத்தக் கழிச்சல் கண்டு மடிந்தன. குட்டிகள் மட்டுமல்ல, வளர்ந்த நாய்களும் இறந்தன. எந்த நாயின் உடலிலும் இந்தக் கிருமிக்கு எதிரான முன்னனுபவம் இல்லாததே காரணம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீலாண்ட் கார்மைக்கேல், மாக்ஸ் ஆப்பெல் ஆகியோர் இந்த வைரஸை ஆராய்ந்து தடுப்பூசி தயாரிப்பதில் முன்னின்றார்கள். நாய்களிடம் 1967-லேயே வேறொரு சிறு வைரஸ் கண்டறியப்பட்டிருந்ததால், புதியதற்கு ‘நாய்ப் பார்வோ வைரஸ்-2’ என்று பெயர் வந்தது. ‘பார்வஸ்’ என்றால் லத்தீன் மொழியில் ‘சிறிய’ என்று பொருள்.

எங்கிருந்து வந்தது? பூனைகளுக்கு வெள்ளணுக்களைக் குறைத்துக் கொல்லும் ஒரு பழைய நோய் உண்டு. அதை உண்டாக்கும் வைரஸும் இதுவும் நெருங்கிய உறவு. பூனை வைரஸோ, அதைப் போன்ற மற்றொரு விலங்கின் வைரஸோ தன் ஓட்டில் ஒரு சில மாற்றங்களைப் பெற்று, நாயின் செல்லைத் திறக்கும் சாவியாக மாறிவிட்டது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். நாய்க்கென்று தடுப்பூசி வருவதற்கு முன் சில இடங்களில் பூனைத் தடுப்பூசியையே நாய்களுக்குப் போட்டுச் சமாளித்தார்கள் என்றால் இந்த உறவு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

இந்தியாவில் இது எங்கே முதலில் அடையாளம் காணப்பட்டது தெரியுமா? நம் சென்னையில்தான். 1981-இல் பாலு, தங்கராஜ் என்னும் இருவர் நாய்களின் வைரஸ் இரைப்பை–குடல் அழற்சி பற்றி ஒரு மருத்துவ அறிக்கை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ராமதாஸ், காதர் என்னும் இருவர், நோய்க்குக் காரணம் பார்வோ வைரஸ்தான் என்பதைச் சோதனைச் சாலை முறைகளால் காட்டினார்கள். அவற்றுள் ஒரு முறை மிக எளிமையானது. அகர் என்னும் பாசிக் கூழைத் தட்டில் ஊற்றி உறைய வைத்து, அதில் சிறு குழிகள் வெட்டுவார்கள். ஒரு குழியில் நோயுற்ற நாயிடமிருந்து எடுத்த மாதிரி. பக்கத்துக் குழியில் இந்த வைரஸை மட்டும் பிடிக்கக்கூடிய எதிர்ப்பொருள். இரண்டும் கூழுக்குள் மெல்லப் பரவி வரும். மாதிரியில் வைரஸ் இருந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றும். உலகில் நோய் வெடித்து நான்கே ஆண்டுகளில் அந்தக் கோடு இங்கே தெரிந்துவிட்டது. வைரஸ் அவ்வளவு வேகமாகக் கடல் தாண்டியிருந்தது!

நாய் விமானம் ஏறி வந்ததா என்று கேட்கலாம். நாய் வரவேண்டிய அவசியமே இல்லை. செருப்பின் அடியில் ஒட்டிய மலத் துகள் போதும்; கூண்டின் கம்பி, நாயின் ரோமம், ஈயின் கால் எதுவும் போதும். அமெரிக்காவின் சுபீரியர் ஏரியில் ஐல் ராயல் என்றொரு தீவு இருக்கிறது. மனிதக் குடியிருப்பு ஏறக்குறைய இல்லாத காட்டுத் தீவு. அங்கு 1980-இல் 50 ஓநாய்கள் இருந்தன. 1982-இல் எண்ணியபோது 14 மட்டுமே மிஞ்சின. நாய்களைக் கொண்டுவரக் கூடாது என்று தடை இருந்த அந்தத் தீவுக்கு யாரோ ஒருவர் கொண்டு வந்த நாயோடு பார்வோ வைரஸும் இறங்கிவிட்டது என்று கருதப்படுகிறது. நடுக்காட்டுத் தீவின் கதி இதுவென்றால், பேருந்தும் மின்சார ரயிலும் ஓயாத நம் புறநகரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

கொழுப்புச் சட்டை இல்லாத கிருமி

இந்த வைரஸின் குறுக்களவு ஏறக்குறைய 25 நானோமீட்டர். உங்கள் அளவுகோலில் உள்ள ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 40,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். இதன் மரபுச் செய்தி சுமார் 5,000 எழுத்துக்கள்தான். மனிதனுடையது 300 கோடி எழுத்துக்கள். இவ்வளவு சிறிய மூட்டை முடிச்சோடு வரும் வைரஸால் சொந்தமாகப் பெருக முடியாது. பிளந்து பெருகிக்கொண்டிருக்கும் செல் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் கருவிகளைப் பயன்படுத்திக்கொள்கிறது.

உடம்பில் இடைவிடாமல் பெருகும் செல்கள் எங்கே? குடலின் உட்சுவரில், எலும்பு மஜ்ஜையில், நிணநீர்த் திசுக்களில். அதனால்தான் அங்கே போய்த் தாக்குகிறது. குடல் சுவர் உதிர்ந்து ரத்தமாக வெளியேறுகிறது. மஜ்ஜை அழிவதால் வெள்ளணுக்கள் குறைகின்றன. சுவர் இடிந்த குடல் வழியாகப் பாக்டீரியாக்கள் ரத்தத்தில் புகும்போது, தடுக்கக் காவலர் இல்லை. நீரும் உப்பும் இழந்து குட்டி சுருண்டு விடுகிறது. வளரும் குட்டியின் உடலில் செல் பெருக்கம் அதிகம். ஆகையால் குட்டிகளே அதிகம் பலியாகின்றன. வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. நரம்பு வழியாக நீரும் உப்பும் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, பாக்டீரியாக்களை அடக்கி, குடல் சுவர் மறுபடி வளரும்வரை உயிரைப் பிடித்து வைப்பதுதான் சிகிச்சை. அந்தச் சிகிச்சை உரிய நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. கிடைக்காவிட்டால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

இப்போது பினாயிலுக்கு வருவோம். 2020-இல் கொரோனா வந்தபோது நாம் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். கைகளில் சானிடைசர் தடவினோம். கொரோனா வைரஸ் தன் மேல் ஒரு கொழுப்பு உறையைச் சட்டைபோல் போர்த்தியிருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு சுத்தம் செய்வதுபோல், சோப்பும் ஆல்கஹாலும் அந்தச் சட்டையைக் கரைத்துவிடும். சட்டை போனால் வைரஸும் போயிற்று. பார்வோ வைரஸுக்கு அந்தச் சட்டையே கிடையாது! 60 புரதத் துண்டுகள் பந்துபோல் இறுக்கமாகக் கோத்த ஓடு மட்டுமே இருக்கிறது. கரைப்பதற்குக் கொழுப்பு இல்லை. ஆகவே சோப்பு, டெட்டால், பினாயில், சானிடைசர் இவற்றால் அந்த ஓட்டை உடைக்க முடிவதில்லை. மஞ்சள் நீரும் வேப்பிலையும் அப்படியே. வேறு நன்மைகள் அவற்றுக்கு இருக்கலாம், இந்த இடத்தில் நம்பக் கூடாது.

வெயில்? நேரடி வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் ஓரளவு அழிக்கும். ஆனால் கத்திரி வெயிலின் வெப்பம் மட்டும் போதாது. 56 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தாலும் தாங்கக்கூடியது இந்த வைரஸ். தகரக் கூரையின் நிழலில், ஈர மண்ணில், சிமெண்டுத் தரையின் விரிசலில் மாதக் கணக்கில், சில இடங்களில் ஓராண்டுக்கு மேலும், உயிர்ப்போடு இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாமா? நோய் முற்றிய குட்டியின் ஒரு கிராம் மலத்தில் 100 கோடி வைரஸ்கள் வரை இருக்கக்கூடும். பினாயில் தண்ணீர் விட்டு நன்றாகத் துடைத்தீர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் ஒரு கோடி! ஒரு குட்டிக்கு நோய் வர அதில் மிகச் சிறு பங்கு போதும். தண்ணீரோடு போனவையும் சாகவில்லை. சாக்கடையிலோ, துடைத்த துணியிலோ இருக்கின்றன. பதினைந்து நாள் கழித்து வந்த இரண்டாவது குட்டி தரையை முகர்ந்து, பாதத்தை நக்கியபோது என்ன நடந்திருக்கும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எதற்கு அஞ்சும்?

அது அஞ்சும் பொருள் விலை உயர்ந்ததல்ல. உங்கள் தெருக் குடிநீர்த் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர்தான். அதிலிருந்து வெளிப்படும் குளோரின் சேர்மம் புரத ஓட்டையே தாக்கிச் சிதைக்கிறது. ஆனால் அளவும் நேரமும் முறையும் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

வேண்டிய அளவு, நூற்றுக்கு 0.16 பங்கு குளோரின். அதாவது ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.6 கிராம். புதிய பிளீச்சிங் பவுடரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் கிடைக்கும். அப்படியானால் லிட்டருக்கு 5 கிராம் பவுடர். 10 லிட்டர் வாளிக்கு 50 கிராம். கலக்கித் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரைப் பயன்படுத்த வேண்டும். கடையில் பாட்டிலில் விற்கும் 5 சதவீத பிளீச் திரவமானால், ஒரு பங்குக்கு 31 பங்கு தண்ணீர். கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 5-ஐ 32-ஆல் வகுத்தால் என்ன வருகிறது?

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிளீச்சிங் பவுடர் ஈரத்தில் வீணாகிவிடும். வாய் திறந்த பையில் ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்த பவுடரில் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சியிருக்கும். கலந்து வைத்த நீரும் வெயிலில் வலுவிழக்கும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. குளோரினுக்கு வைரஸ் எது, மலம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அழுக்கு, மலம், சோற்றுப் பருக்கை, ரோமம் என்று எதிர்ப்படும் கரிமப் பொருள் எல்லாவற்றோடும் வினை புரிந்து தீர்ந்துவிடும். அழுக்கின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போவது, தெருவோரம் கோலம் போட்டதுபோல் பார்வைக்கு வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். முதலில் மலத்தை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். பிறகு சோப்பு நீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு வைரஸைக் கொல்லாது என்றோமே, பின் எதற்கு? அழுக்கைப் பெயர்த்து, குளோரினுக்கு வழி விடுவதற்கு. கழுவிய நீர் வடிந்ததும் பிளீச்சிங் நீரை ஊற்றித் தரை முழுவதும் பத்து நிமிடம் ஈரமாக இருக்கும்படி வைக்க வேண்டும். அதன்பின் நல்ல நீரால் அலசி, நன்றாக உலர விடவேண்டும். உலர்ந்த பிறகே நாயை உள்ளே விடலாம்.

இந்த வேலையைப் பெரியவர்கள் துணையோடு, கதவு சன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. பூட்டிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

சிமெண்டுத் தரைக்குச் சரி. மண் தரைக்கு என்ன செய்வது? உண்மையைச் சொன்னால், அதிகம் ஒன்றும் செய்ய முடியாது. மண்ணில் உள்ள கரிமப் பொருள் குளோரினை விழுங்கிவிடும். மேல் மண்ணை வழித்து அகற்றலாம். நிழல் தரும் குப்பை கூளங்களை நீக்கி வெயில் பட விடலாம். பிறகு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பூந்தமல்லி, திருநின்றவூர்ப் பக்கத்துத் தனி வீடுகளில் கொல்லையில் மண் தரையில் குட்டியைக் கட்டி வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மர அலமாரியும் கோணிச் சாக்கும் அப்படித்தான். இறந்த குட்டியின் கோணியைத் துவைத்து அடுத்த குட்டிக்குப் போடாதீர்கள்.

கொட்டிலில் யாருக்கு முதலில் சோறு?

பல நாய்களை ஒன்றாக வைத்திருக்கும் இடங்களில் – மொட்டைமாடியில் குட்டி விற்பவர், ஊருக்குப் போகிறவர்களின் நாயைப் பார்த்துக்கொள்பவர், தெருநாய்க் காப்பகம் – ஆபத்து பல மடங்கு. நீங்கள் விடுமுறையில் காப்பகத்துக்கு உதவப் போனால், அங்கே வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று கவனியுங்கள். ஒரே துடைப்பம், ஒரே வாளியோடு நோயாளிக் கூண்டைக் கழுவிவிட்டு, அப்படியே குட்டிகளின் கூண்டுக்குள் நுழைகிறார்களா? அப்படியானால் அந்தத் துடைப்பமே நோயைப் பரப்புகிறது. குட்டிகளுக்கு முதலில், பிறகு நலமாக உள்ள பெரிய நாய்களுக்கு, நோயாளிகளுக்குக் கடைசியில். சோறு வைப்பதும் கழுவுவதும் இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். நோயாளிக் கூண்டுக்கென்று தனித் துடைப்பம், தனி வாளி, தனித் தட்டு, தனிச் செருப்பு வேண்டும். கழுவிய நீர் குட்டிகளின் பக்கமிருந்து வெளியே ஓடும்படி தரையின் வாட்டம் இருக்க வேண்டும். நம் புறநகர் மொட்டைமாடிகளில் வாட்டம் மழைநீர்க் குழாயை நோக்கி இருக்கும். அந்தக் குழாயருகில் குட்டிகளின் கூண்டை வைப்பதைவிடப் பெரிய பிழை இல்லை.

புதிதாக வந்த நாயை இரண்டு வாரம் தனியே வைக்க வேண்டும். நோய்க்கிருமி உள்ளே போய் அறிகுறி தோன்ற மூன்று முதல் ஏழு நாட்கள், சில சமயம் இரண்டு வாரம் வரை ஆகும். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மலத்தில் வைரஸ் வரத் தொடங்கிவிடும். துள்ளி விளையாடும் குட்டியே கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கலாம். பிழைத்த நாயும் அதன்பின் சுமார் இரண்டு வாரம் வைரஸை வெளியேற்றும்.

தடுப்பூசிக்குள் ஒரு புதிர்

“எங்கள் குட்டிக்கு ஊசி போட்டாயிற்றே, பிறகும் ஏன் வந்தது?” இந்தக் கேள்வியைக் கால்நடை மருத்துவமனை வாசலில் அடிக்கடி கேட்கலாம். விடை தாயின் சீம்பாலில் இருக்கிறது.

பிறந்த முதல் நாளில் குட்டி குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. அவை குட்டியைக் காக்கின்றன. ஏறக்குறைய பத்து நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வருகின்றன. அவை நிறைய இருக்கும்போது தடுப்பூசி போட்டால், ஊசியில் உள்ள வலுக்குறைந்த வைரஸையும் எதிரி என்று எண்ணி அழித்துவிடும். ஊசி வீணாகிறது. ஓர் அளவுக்குக் கீழே குறைந்தபின், உண்மையான வைரஸைத் தடுக்கும் வலிமை அவற்றுக்கு இருக்காது. ஆனால் ஊசியைக் கெடுக்கும் வலிமை மட்டும் இன்னும் இருக்கும்! இந்த இடைவெளி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு வாரத்தில் வருகிறது. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால்தான் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். மருத்துவர் பணத்துக்காக மறுபடி வரச் சொல்வதாக எண்ணி நடுவில் நிறுத்துகிறவர்களின் குட்டிகளே பெரும்பாலும் அகப்பட்டுக்கொள்கின்றன. கடைசி ஊசி முடிந்து ஓரிரு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவில், பூங்காவில், பிற நாய்கள் மலம் கழிக்கும் இடங்களில் இறக்கிவிடாமல் இருப்பது நல்லது.

நோய் கண்ட வீட்டில் அடுத்த குட்டி எப்போது? கழுவக்கூடிய தரை முழுவதும் மேலே சொன்ன முறையில் கழுவியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது காத்திருந்தால் நல்லது. அதுவரை பொறுக்க முடியாது என்றால், ஊசிகள் எல்லாம் முடிந்த, வளர்ந்த நாய் ஒன்றைக் கொண்டு வாருங்கள். காப்பகங்களில் வீடு கிடைக்காமல் இருப்பவை பெரும்பாலும் அத்தகைய நாய்கள்தாம்.

மனிதனுக்கு இது ஒட்டுமா என்று உங்கள் அம்மா கேட்பார்கள். நாய்ப் பார்வோ வைரஸ் மனிதனுக்கு வராது. மனிதனுக்கு வரும் பார்வோ வைரஸ் வேறு. ஆயினும் நோயுற்ற தெருநாயை வெறும் கையால் தொடாதீர்கள். வெறிநோய் என்ற பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பெரியவர் ஒருவரை அழைத்து, கையுறையோடு ஓர் அட்டைப் பெட்டியில் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ கொண்டு போனால், பெட்டியை வாசலிலேயே வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் உள்ளே சென்று “ரத்தக் கழிச்சல், ஊசி போடாத குட்டி” என்று முதலில் சொல்ல வேண்டும். வரிசையில் மற்றவர்களின் குட்டிகளும் மடியில் காத்திருக்கும். திரும்பியதும் பெட்டியைக் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, செருப்பின் அடிப்பாகத்தைச் சோப்பு நீரில் தேய்த்து, பிளீச்சிங் நீரில் பத்து நிமிடம் வைத்த பிறகே வீட்டுக்குள் கொண்டு வரவேண்டும்.